ஸ்கோப் கேட்பதற்கு முன் ஒரு மணல் மூட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பாலக்காட்டு முதலமடைப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் காட்டுப்பன்றித் தொல்லை பற்றி மனம் நொந்து எழுதியிருந்தார். ஊராட்சி அனுமதி கொடுத்தும் பிரயோசனமில்லை, ஒரு வெடி வைத்துவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குள் மந்தை காணாமல் போய்விடுகிறது, அமெரிக்காவில் இருப்பதுபோல் நம் விவசாயிக்கும் ‘ஆட்டோமேட்டிக்’ ரைஃபிளும் அதன்மேல் குறிபார்க்க ஸ்கோப் என்கிற நல்ல தொலைநோக்கியும் கொடுத்தால் ஆறே மாதத்தில் பன்றி ஒழிந்துவிடும் என்பது அவர் கட்சி. அவருடைய வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எனக்கும் இரண்டு ஏக்கர் கடலைக்காடு உண்டு. பன்றி இறங்கிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் யாரோ அதில் டிராக்டர் ஓட்டப் பழகியதுபோல் இருக்கும். ஆனாலும் அவர் கேட்கிற மருந்து இந்த வியாதிக்கானது அல்ல. எனக்குத் துப்பாக்கி பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் ஆயுதங்களையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தவன். ஆர்மரர் என்றால் சுடுகிறவன் இல்லை, சுடுகிறவனுடைய துப்பாக்கியைப் பார்த்துக்கொள்கிறவன். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் மேசைக்கு வந்ததில் முக்கால்வாசி இஷாப்பூரில் செய்த 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். செல்ஃப் லோடிங் ரைஃபிள், அதாவது தானே தோட்டா ஏற்றிக்கொள்கிற ரைஃபிள். குண்டு குழலில் போகும்போது பின்னால் வருகிற வாயுவில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாக மேலேறி பிஸ்டனைத் தள்ளும். தோட்டா அறையின் பின்வாயை அடைத்திருக்கும் பூட்டை, அதாவது போல்ட்டை, பிஸ்டன் பின்னுக்குத் தள்ள, வெற்று உறை வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் பூட்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும்போது மேகஸீன் என்கிற தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை வாரிக்கொண்டு போய் அறையில் வைத்துவிடும். அது தானாகச் செய்கிற வேலை அவ்வளவுதான். அடுத்த குண்டு போக வேண்டுமானால் விசையை விட்டுவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். இதற்குப் பெயர் அரைத் தானியங்கி. இழுத்துப் பிடித்தால் மேகஸீன் காலியாகும்வரை கொட்டித் தீர்ப்பதுதான் முழுத் தானியங்கி. அதை டெக்சஸிலும் கடைக்குப் போய்ச் சும்மா வாங்கிவர முடியாது. மாந்தோப்புக்காரர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார். பரவாயில்லை, சினிமா பார்க்கிற எல்லோரும் செய்கிற தவறுதான்.

நம் நாட்டுச் சட்டத்தில் முழுத் தானியங்கி தனியாருக்குக் கிடையாது. அரைத் தானியங்கி ரைஃபிளையும் 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கட்டுப்படுத்தப்பட்ட வகையில்தான் வைத்திருக்கின்றன. பயிர்க்காவலுக்கு என்று கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டு வாங்கும் வரிசையில் அது இல்லை. சட்டம் மாறுமா என்பது அடுத்த பேச்சு. மாறினாலும் நமக்கு ஆகப்போவது என்ன என்று நான் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தேன்.

2018 இல் மகள் வீட்டுக்கு டெக்சஸ் போயிருந்தேன். மருமகன் பச்சை அட்டை வாங்கியவர். கையில் காசு, சனிக்கிழமை லீவு. அவரிடம் ரூகர் கம்பெனியின் 10/22 என்ற ரைஃபிள் இருந்தது. 1964 இல் சந்தைக்கு வந்தது, பாயின்ட் 22 தோட்டா (குழல் விட்டம் அங்குலக் கணக்கில்), அரைத் தானியங்கி. மேகஸீன் அடியில் துருத்திக்கொண்டு நிற்காது, ராட்டினம்போல் சுற்றுகிற பத்துத் தோட்டா டப்பா உள்ளேயே அடங்கிவிடும். அந்த ஊர்ப் பையன்களுக்கு முதல் துப்பாக்கி பெரும்பாலும் இதுதான் என்றார். மாமனார் ஆர்மரர் என்பதால் என்னிடம் காட்டி மதிப்பெண் வாங்க ஆசை.

“மாமா, இதைப் பாருங்க, ரெண்டே ரெண்டு ஸ்குரூ, குழல் கையோட வந்துரும்” என்று சாப்பாட்டு மேசையிலேயே கழற்றிக் காட்டினார். உண்மைதான். குழலைப் பிடித்திருப்பது ஒரு சின்ன இரும்புக் கட்டையும் இரண்டு திருகும். பழைய குழலுக்குப் பதில் பெருவிரலைவிடத் தடித்த குழல், தோளில் வைக்கும் புதுக் கட்டை, லேசாக இழுபடும் விசைத் தொகுதி, மேலே தண்டவாளம் மாதிரி ஒரு பட்டை, அதன்மேல் ஸ்கோப். அமெரிக்கச் சட்டப்படி ரிசீவர் என்கிற நடு உடம்புதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் உதிரி பாகம், தபாலில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். துப்பாக்கி வாங்கிய விலையைப்போல் இரண்டு பங்கு அதன்மேல் செலவழித்திருந்தார். மகள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

மறுநாள் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். விசிட்டர் விசாவில் போனவன் வேட்டை லைசன்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் அங்கே துப்பாக்கியைக் கையால் தொடக்கூடாது, அது அவர்கள் சட்டம். ஆகவே நான் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். 50 கஜத்தில் அட்டை. ஐந்து குண்டு போட்டார். எல்லாம் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கின. இவ்வளவு செலவுக்கு அது மோசம். அவர் முகம் விழுந்துவிட்டது. “மாப்ள, துப்பாக்கியை விடுங்க, தோட்டாவை மாத்திப் பாருங்க” என்றேன். பாயின்ட் 22 இல் ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு தோட்டா ஒத்துவரும். ஏன் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கடையில் இருந்த ஐந்து வகையில் வகைக்கொரு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகப் போட்டார். நான்காவது வகை, விலை குறைந்தது, ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்தில் போய் விழுந்தன. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் மறுபடி ஒரு பார்வை.

அதே துப்பாக்கியை 100 கஜத்துக்கு நீட்டியபோது குண்டு அரை அடி கீழே போய் அடித்தது. துப்பாக்கியில் பழுதில்லை. சின்னக் குண்டு, மெதுவாகப் போகிறது, பூமி இழுக்கிறது. தோட்டா டப்பாவின்மேல் ஒரு மைலுக்கு மேல் ஆபத்து என்று அச்சடித்திருக்கிறார்கள், அதையும் படித்தேன். பன்றிக்குப் பாயின்ட் 22 போதாது என்பது மருமகனுக்கும் தெரியும், அவருக்கு அட்டையைச் சுடுவதே திருப்தி.

பன்றி சுடுகிறவர் அவருடைய நண்பர், மாட்டுப்பண்ணைக்காரர். அவரிடம்தான் நம் மாந்தோப்புக்காரர் கனவு காண்கிற சாமான் எல்லாம் இருந்தன. பெரிய தோட்டா போடும் அரைத் தானியங்கி, இருட்டில் உடம்புச் சூட்டைக் காட்டுகிற ஸ்கோப், கூண்டு வைத்த ஜீப். அங்கே பன்றிக்கு சீசன் கிடையாது, இத்தனைதான் என்று கணக்கும் கிடையாது. 2011 இல் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டே சுடவும் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் இரவில் அவர் ஏழு பன்றி சுட்டதாகச் சொன்னார். எத்தனை தோட்டா என்று கேட்டேன். சிரித்தார். இருபத்தெட்டாம். முதல் வெடிக்கு ஒன்று விழுந்தது. அப்புறம் மந்தை நாலா பக்கமும் சிதற, மிச்சம் ஆறுக்கு இருபத்தேழு. அந்த ஏழில் இரண்டை மறுநாள் தேடித்தான் கண்டுபிடித்தார்களாம். அடுத்த மாதம் வேறு மந்தை வந்துவிடும் என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மாநிலத்தில் அப்படித் திரிகிற பன்றி இருபது லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அரைத் தானியங்கியும் ஸ்கோப்பும் பன்றியை ஒழித்துவிடும் என்றால் டெக்சஸில் ஒரு குட்டிகூட மிச்சமிருக்கக் கூடாது.

பட்டாளத்தில் எங்கள் ஹவில்தார் ஒருவர் சொல்லுவார், முதல் தோட்டாவுக்குக் குறி, இரண்டாவது தோட்டாவுக்கு ஆசை என்று. நம் ஊரில் பன்றி தப்பிப் போவது இரண்டாவது தோட்டா தாமதமாவதால் இல்லை. முதல் தோட்டா எங்கே போகிறது என்று சுடுகிறவருக்கே தெரியாததால்தான்.

இதை அடுத்தவன்மேல் போட்டு எழுதினால் நியாயமில்லை, என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது பாயின்ட் 315 ரைஃபிள். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துப் பாயின்ட் 303 தோட்டா வெளியாருக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக வந்த அளவு அது. உள்ளே இருப்பது பழைய லீ-என்ஃபீல்டு பூட்டுத்தான். ஒவ்வொரு தடவையும் கையால் பூட்டை இழுத்து ஏற்ற வேண்டும். மேகஸீனில் ஐந்து. 2023 இல் கண் கொஞ்சம் மங்கியது. முன்குறியும் பின்குறியும் பன்றியும் ஒரே நேரத்தில் தெரியவில்லை. கோயம்புத்தூரில் 3-9×40 என்று போட்ட ஒரு ஸ்கோப் வாங்கி, லைசன்ஸ் உள்ள கடையில் கொடுத்துப் பக்கவாட்டுத் தாங்கியில் பொருத்தினேன். தோட்டா கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். ஆகவே சுட்டுப் பார்க்கவில்லை. பூட்டைக் கழற்றிவிட்டு, குழல் வழியாகத் தூரத்துப் பனையின் கொண்டையைப் பார்த்து, ஸ்கோப்பின் குறுக்குக்கம்பியையும் அதே கொண்டைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். இது வேலையின் தொடக்கம் மட்டும்தான், முதல் குண்டு அட்டையில் எங்கேயாவது விழ உதவும். ஒரு புது ஜவான் இத்தோடு நிறுத்தியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். நான் அத்தோடு நிறுத்தினேன். அப்புறம் அதை ஜீப்பின் பின்சீட்டில் போட்டு இரண்டு வாரம் கல் ரோட்டில் கொண்டுபோனேன்.

ஐப்பசி, கடலை பிடுங்குகிற சமயம். இரவு பதினொன்றரை மணிக்கு வந்தது ஒற்றை ஆண். முப்பது தப்படி வைத்தால் தொட்டுவிடும் தூரம், இடப்பக்கம் பார்த்து நின்றது. சப்பையில் கம்பியை வைத்து, மூச்சை விட்டு, இழுத்தேன். பன்றி ஒரு துள்ளுத் துள்ளி வேலியைக் கடந்துவிட்டது. ரத்தம் இல்லை, மயிர் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் அது நின்ற இடத்துக்கு நேர்பின்னால் இருந்த தென்னையில் ஒரு துளை. நான் வைத்த குறிக்கு ஒரு முழம் மேலே, நாலு விரல் இடது. ஸ்கோப் வளையத்தைத் தொட்டேன், ஆடியது. ஒரு திருகு பாதி சுற்று கழன்றிருந்தது. இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் திருகை முடுக்கியவன் நான். தென்னைக்காரர் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். கூட்டிப்போய்க் காட்டினேன். “மரத்துக்கு என்னப்பா, காய்க்கும். நீ நல்லாருக்கியா?” என்று என்னைக் கேட்டார். அதுதான் ரொம்ப வலித்தது.

எனக்கு நேர்ந்தது முழுத் தவறு, அது பன்றிக்கு அதிர்ஷ்டம். அரைத் தவறுதான் மோசம். போன வருடம் எங்கள் பக்கம் ஒருவர் வைத்த குண்டு வயிற்றில் பட்டு, பன்றி மக்காச்சோளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இரவில் உள்ளே போக யாருக்கும் தைரியமில்லை. காலையில் தேடிப்போன நாயின் விலாவைக் கிழித்தது. மூன்றாம் நாள் நாற்றம்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. சுட்டால் முறையாகப் புதைக்க வேண்டும் என்பது உத்தரவு. இதற்கு யார் பொறுப்பு என்று மூன்று பேர் மூன்று நாள் சண்டை.

சரி, ஸ்கோப் வேண்டாம் என்கிறேனா? இல்லை. எனக்கே அது இல்லாமல் ஆகாது. ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து வாங்க வேண்டும். கடையில் எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை பெருக்கம்’ என்பதைத்தான். 3-9×40 என்றால் மூன்று முதல் ஒன்பது மடங்கு, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். ஒன்பதில் வைத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் நாற்பதை ஒன்பதால் வகுத்தது, நாலரை மில்லிமீட்டர்கூட இல்லை. நான்கில் வைத்தால் பத்து. இருட்டில் இளவட்டத்தின் கண்மணி ஏழு வரைக்கும் விரியும், என் வயதில் ஐந்து விரிந்தால் பெரிது. அதாவது இரவில் பெருக்கத்தை ஏற்ற ஏற்ற இருட்டைத்தான் பெருக்குகிறோம். இன்னொன்று, 25 மீட்டரில் ஒன்பது மடங்கு வைத்தால் கண்ணாடிக்குள் தெரிவது ஒரு மீட்டர் அகலம்தான். பன்றி வந்து நின்றால் கண்ணாடி முழுக்கக் கறுப்பு மயிர். தலை எது, வால் எது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அது கிளம்பிவிடும். எங்கள் வயல்களில் சுடுகிற தூரம் பெரும்பாலும் முப்பது நாற்பது மீட்டர். மூன்றிலேயே வைத்துவிட்டு, அந்த வளையத்தைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

கம்பியைச் சரிசெய்யும் கிளிக் கணக்கிலும் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஸ்கோப்பின் மூடியில் ஒரு கிளிக் கால் அங்குலம் என்று போட்டிருக்கும். அது 100 கஜத்துக்கு. 25 மீட்டரில் ஒரு கிளிக் நகர்த்துவது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் அங்குலம் நகர்த்தப் பதினான்கு கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருப்பிவிட்டு ‘ஸ்கோப் கெட்டுப்போச்சு’ என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். கெட்ட ஸ்கோப்பும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மலிவுச் சரக்கில் பத்து கிளிக் திருப்பினால் கம்பி அசையாமல் இருந்து, அடுத்த வெடியின் அதிர்ச்சியில் மொத்தமாகக் குதிக்கும். மேலே இருபது, வலது இருபது, கீழே இருபது, இடது இருபது திருப்பி, முதல் குண்டு விழுந்த இடத்துக்கே கடைசிக் குண்டும் வந்தால்தான் அதை நம்பலாம்.

துப்பாக்கிக்கு ஜீரோ பிடிப்பது, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வது, பெரிய வித்தையில்லை. ஒரு மேசை, இரண்டு மணல் மூட்டை, பின்னால் உயரமான மண்மேடு, 25 மீட்டரில் அட்டை. குழலைத் தாங்கல்மேல் வைக்கக் கூடாது, மரக்கட்டையைத்தான் வைக்க வேண்டும். மூன்று குண்டு, அவசரப்படாமல், ஒரே இடத்தில் குறிவைத்து. ஒரு குண்டு விலகியதும் கையைத் திருகுக்குக் கொண்டுபோகக் கூடாது. மூன்றும் விழுந்த முக்கோணத்தின் நடுவை அளந்து அதன்படி திருப்ப வேண்டும். குழல் ஆற ஒரு பீடி நேரம். மறுபடி மூன்று. பெரும்பாலும் ஒன்பது தோட்டாவில் முடிந்துவிடும். என் பாயின்ட் 315 ஐ 25 இல் சரிசெய்துவிட்டால் 100 மீட்டர் வரை எங்கே நின்றாலும் நாலு விரல் வித்தியாசத்துக்குள் அடிக்கும். எஸ்.எல்.ஆருக்கு இதையே ஸ்கோப் இல்லாமல் செய்வோம். முன்குறியை ஒரு சின்னச் சாவியால் ஏற்றி இறக்குவது, பின்குறியை ஒரு பக்கத் திருகைத் தளர்த்தி மறுபக்கத் திருகை முடுக்கி நகர்த்துவது. ஒரே நாளில் ஒரு கம்பெனி முழுக்க முடித்திருக்கிறோம்.

கண்ணாடியால்தான் குறி வரும் என்பவர்களுக்கு ஒன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். பாயின்ட் 22 ரைஃபிள், அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. பின்னால் ஊசித்துளை, முன்னால் ஒரு வளையம். அந்த அட்டையில் பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் நகம். அவர் எத்தனை ஆயிரம் தோட்டா போட்டு அந்தக் கையைப் பழக்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பன்றி சுட எங்கள் ஊராட்சி வைத்திருக்கும் பட்டியலில் இருப்பவர்களில் வருடத்துக்கு ஐந்து தோட்டா அட்டையில் போட்டவர் எத்தனை பேர்?

அட்டையில் போடாவிட்டாலும் துப்பாக்கியை மாற்றுவதில் மட்டும் குறைவில்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக் குழலோடு டார்ச் கட்டுகிறார்கள். குழலில் எடை ஏறினால் குண்டு விழும் இடம் மாறும். டார்ச்சோடு சேர்த்து ஜீரோ பிடித்தால் சரி, இல்லையென்றால் பகலில் ஒரு துப்பாக்கி, இரவில் இன்னொரு துப்பாக்கி. நெற்றியில் கட்டுகிற விளக்கு எவ்வளவோ மேல். போன தை மாதம் என் அக்கா பேரன் ஒருவன் அப்பன் துப்பாக்கியோடு வந்தான்.

“தாத்தா, விசை ரொம்ப இறுக்கமா இருக்குதுங்க. கொஞ்சம் அரம் போட்டுக் குடுங்க.”

“அரம் போட்டாப் போட்டதுதான் சாமி. தேஞ்ச இரும்பை ஒட்டவைக்க எனக்குத் தெரியாது.”

“யூடியூப்ல செய்யறாங்களே?”

“அவன் துப்பாக்கி கீழே விழுந்து தானா வெடிச்சதையும் யூடியூப்ல போட்டானா?”

கோபித்துக்கொண்டு போய்விட்டான். விசையின் கொக்கி நகத்தளவுகூட இல்லாத ஓர் இரும்பு விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த விளிம்பைத் தேய்த்தவன் வீட்டில் நான் படுத்துத் தூங்க மாட்டேன். குழலை அறுத்துக் குட்டையாக்கித் தரச் சொல்லியும் ஒருவர் வந்தார், ஜீப்பில் வைக்க வசதியாம். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவு லைசன்ஸ் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்கிறது, மீறினால் தண்டனை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். லைசன்ஸ் இல்லாதவன் துப்பாக்கி பழுதுபார்ப்பதே குற்றம். அந்த லைசன்ஸ் எனக்கு இல்லை. ஆகவே என்னிடம் யாரும் வரவேண்டாம், வந்தால் நான் வாயால் மட்டும்தான் வேலை செய்வேன்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் மாந்தோப்புக்காரர் யோசிக்க வேண்டும். சித்தூர் தாலுக்கா கள்ளுக்குப் பேர்போனது. விடியும் முன்பே தென்னையின்மேல் ஆள் ஏறியிருப்பார். பன்றி காட்டுக்குத் திரும்புகிற நேரமும் அதேதான். கீழே இருட்டு, மேலே ஆள். அந்த நேரத்தில் தோளில் தட்டுகிற ரைஃபிளின் விசையை விட்டு விட்டு ஐந்து தடவை இழுத்தால் மூன்றாவது குண்டு எந்த உயரத்தில் போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. என் அனுபவத்தில், கையால் ஏற்றுகிற பூட்டு அந்த இரண்டு நொடியில் மனிதனை நிமிர்ந்து பார்க்க வைக்கிறது. எனக்கு அந்தத் தாமதம் பிடித்திருக்கிறது.

எல்லை விவகாரமும் உண்டு. கேரளத்தில் 2022 மே மாதம் முதல் ஊராட்சித் தலைவரே லைசன்ஸ் உள்ளவரைக் கொண்டு சுட உத்தரவிடலாம். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தபடி காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும், அதற்கு மேலே வனத்துறை ஆட்கள் மட்டும் சுடலாம். எல்லையில் இருக்கிற நடுப்புணிச் சோதனைச் சாவடி பன்றிக்குக் கிடையாது. என் வரப்பில் அடிபட்டது பத்து நிமிடத்தில் தமிழ்நாட்டுக்காரர் தென்னந்தோப்பில் போய் விழுந்தால், என் லைசன்ஸ் அங்கே செல்லாது, துப்பாக்கியோடு பின்னால் போக முடியாது. ஆகவே எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு முதல் குண்டிலேயே விழ வைப்பது இன்னும் முக்கியம். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு இரண்டு மாதம் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

நான் கேட்பது இதுதான். 2016 விதிகளின்படி புதிதாக லைசன்ஸ் கேட்பவர் பயிற்சிச் சான்று கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் முக்கால்வாசி அப்பன் காலத்து லைசன்ஸ், கைமாறி வந்தவை. கடைசியாக எப்போது சுட்டுப் பழகினாய் என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. ஊராட்சி தன் பட்டியலில் பெயர் சேர்க்கும் முன் வருடத்துக்கு இரண்டு தடவை, ஆடியில் ஒன்று, மாம்பூ எடுக்கிற மார்கழியில் ஒன்று, போலீஸ் சுடுதளத்திலோ மாவட்ட ரைஃபிள் சங்கத்தின் தளத்திலோ ஒரு நாள் ஏற்பாடு செய்யட்டும். ஆளுக்குப் பதினைந்து தோட்டா ஊராட்சிச் செலவு. தாங்கல்மேல் வைத்து 30 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் ஐந்துக்கு ஐந்து போடுகிறவர் பெயர் பட்டியலில் இருக்கட்டும். போட முடியாதவர் அடுத்த தடவை வரட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரட்டைக்குழல் ‘12 போர்’ ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கும் இதே தட்டு, ஆனால் அவர்கள் உண்மையில் சுடுகிற தூரத்தில். அன்றைக்கே ஸ்கோப் திருகு, டார்ச் கட்டு, பூட்டு எல்லாவற்றையும் லைசன்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்துவிடட்டும். சுடுவோருக்கான உத்தரவு மலையாளத்தில் மட்டும் வருகிறது. எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறையில் துப்பாக்கி வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் பலருக்கு அதைப் படித்துச் சொல்லப் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வர வேண்டியிருக்கிறது. தமிழிலும் ஒரு தாள் அச்சடித்தால் நல்லது.

இதை ஊராட்சி ஆபீசில் இரண்டு தடவை நேரில் சொன்னேன். மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். தளத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதில் நின்றுவிட்டது. உங்கள் பத்திரிகையை அங்கே காலையில் மேசையில் போட்டுப் படிக்கிறார்கள் என்பதால் இப்படி எழுதுகிறேன். நாள் குறித்தால் நான் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவேன், சம்பளம் வேண்டாம், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறேன். மணல் மூட்டை எட்டு என் திண்ணையிலேயே தைத்து வைத்திருக்கிறேன். முதலமடைக்காரரும் வரட்டும், அவர் துப்பாக்கிக்குத்தான் முதலில் ஜீரோ பிடிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம். அக்கா பேரன் இந்தப் பத்திரிகை படிக்கிறான்.)